கடைசிச் செல் ஓடவில்லை!

1

எடுத்ததைத் திருப்பித் தருவதில் கடல் கொஞ்சம் நேர்மையானது.

காலை ஆறு மணிக்கு யோசேப்பைக் கொண்டுபோன கடல், பத்தரை மணிக்குப் பள்ளிவாசல்துறைக் கரையில் அவனைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டது.

உயிரை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது!

2007, நவம்பர், வெள்ளிக்கிழமை. காற்று இன்னும் அடங்கவில்லை. தென்னைகள் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தன. கரையில் ஐம்பது பேர் கூடி நின்றார்கள்.

"ஐயோ... ஆண்டவரே...!"

அந்த அலறல் அனஸ்தாசியாவுடையது. யோசேப்பின் மனைவி. தலவில என்ற ஊர்ப் பக்கத்துப் பெண். மணலில் விழுந்து, புருஷனின் ஈர முகத்தைத் துடைத்தாள். துடைத்த கையோடு எழுந்தாள்.

நேராக ஒரு பெண்ணை நோக்கி ஓடினாள்.

அந்தப் பெண் பரீனா. பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் டீச்சர். வயது முப்பத்திரண்டு. மீனவர் சங்கத்தின் அறிவித்தல் பலகையில் தினமும் காலையில் ஒரு கடதாசி ஒட்டுபவள். அதில் ஒரே ஒரு சொல்தான் இருக்கும்.

'போகலாம்' அல்லது 'போகாதே'.

அனஸ்தாசியாவின் கையில் அன்றைய கடதாசி இருந்தது. பலகையிலிருந்து கிழித்து எடுத்திருந்தாள்.

"என்னத்த எழுதி இருக்கு? வாசி டீச்சர்! சத்தமா வாசி!"

பரீனா வாசித்தாள்.

"போ... போகலாம்..."

"கீழ யார்ர கையெழுத்து?"

"என்ட..."

"உன்ர கடதாசிய நம்பித்தானே மனுசன் போனாரு! வானத்தப் பார்க்காத, டீச்சர்ர கடதாசியப் பாருண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்த மனுசன்! கொன்னுட்டியேடி...!"

ஒரு கைப்பிடி மணல் பரீனாவின் முகத்தில் வந்து விழுந்தது.

அவள் துடைக்கவில்லை. தான் அதற்குத் தகுதியானவள் என்றே அவள் நினைத்தாள்.

பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளை அணைத்தது. பாயிஸ். அவள் கணவன். சங்கத்தின் செயலாளர்.

"வா புள்ள, உள்ளுக்குப் போவம். உன்ட கணக்கு எங்கயோ பிழைச்சிப் போச்சு. வேணுமெண்டா செஞ்ச? அல்லாஹ் அறிவான்."

எவ்வளவு அன்பான குரல்! கேட்டால் கல்லும் கரையும். வாசகர்கள் அந்தக் குரலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

2

இன்ஸ்பெக்டர் ரஸாக்குக்கு வயது நாற்பத்தெட்டு. அவரது தொப்பைக்கு இருபது. சங்கத்துக் கதிரையில் இரண்டையும் சிரமப்பட்டு உட்கார வைத்தார்.

"டீச்சர், அழுறத கொஞ்சம் நிப்பாட்டுங்க. நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. கரையில எல்லாரும் உங்களக் கொலைகாரி எண்டு கதைக்கிறாங்க. கவனயீனத்தால ஒரு உயிர் போனதெண்டு கேஸ் போட்டா, உத்தியோகமும் போகும். விளங்குதா?"

"விளங்குது சேர்."

"அந்தக் கடதாசிய எப்பிடித் தயார் பண்றீங்க?"

பரீனா அலுமாரியைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு லப்டொப்பை எடுத்தாள். சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்துவிட்டுப் போனது. அதோடு ஒரு காற்றுக் கம்பத்தையும் கூரைக்கு மேல் நட்டுவிட்டுப் போனார்கள்.

"கம்பத்தில இருந்து காத்தின்ட வேகம், அமுக்கம் எல்லாம் இதுக்குள்ள வரும் சேர். இது ஒரு நோட்புக். கணக்குச் செய்ற புரோகிராம். இந்தா, பெட்டி பெட்டியா இருக்கே, ஒவ்வொண்டுக்கும் செல் எண்டு பேர்."

"எனக்குத் தெரிஞ்ச செல் ரெண்டுதான். ஒண்டு பொக்கட்டுல இருக்கு. மத்தது ஸ்டேஷன்ல இருக்கு. இது மூணாவது... சொல்லுங்க."

"மொத்தம் பன்னிரண்டு செல். ஒவ்வொண்டிலயும் ஒரு சின்னக் கணக்கு. பட்டனை அமத்தினா மேல இருந்து கீழ வரிசையா ஓடும். விடை அந்தந்த செல்லுக்குக் கீழேயே வந்து நிக்கும். கடைசிச் செல்தான் முடிவு. எல்லாத்தையும் கூட்டிப் பார்த்து, போகலாம், இல்லாட்டிப் போகாதே எண்டு சொல்லும்."

"இண்டைக்கு என்ன சொன்னது?"

"போகலாம் எண்டுதான் இருந்திச்சு. நான் அத மட்டும் பெரிசா அடிச்சு, என்ட கையால திகதி போட்டு, கையெழுத்து வெச்சு ஒட்டினன். கையெழுத்து இல்லாத கடதாசிய யாரும் நம்பமாட்டாங்க சேர்."

"எத்தன வள்ளம் இண்டைக்குக் கடலுக்குப் போனது?"

"ஒண்டு... யோசேப்பு மட்டும்."

ரஸாக்கின் கண்கள் சுருங்கின.

"ஏன் மத்தவங்க போகல்ல?"

"வெள்ளிக்கிழமை சேர்! நம்மட ஆக்கள் ஜும்ஆத் தொழுகை முடியாமக் கடல்ல இறங்குவாங்களா? வலையையே தொடமாட்டாங்க. யோசேப்பு வேதக்காரர். அவருக்கு ஞாயிறுதான் லீவு."

"அப்ப வெள்ளிக்கிழமைக் கடதாசி..."

"அவருக்கு மட்டும்தான். அவர்தான் அத வாசிக்கிற ஒரே ஆள். என்ட மச்சான் பாயிஸ்கூட ஒருநாள் கேட்டாரு, ஒரு ஆளுக்காக ஏன் விடியவே எழும்பி வாற எண்டு. ஒரு ஆள் எண்டாலும் உயிர்தானே எண்டு நான் சொன்னன்."



இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். ஐம்பது வள்ளங்கள் இருக்கும் துறையில், ஒரே ஒரு வள்ளம் மட்டும் போகிற நாளில், கணக்குப் பிழைக்கிறது. அவருக்கு இது பிடிக்கவில்லை. பொலீஸ்காரனுக்குத் தற்செயல் என்ற சொல்லும் சம்பளக் குறைப்பு என்ற சொல்லும் ஒன்றுதான்.

"டீச்சர், அந்த லப்டொப்ப விடியத்தானே மூடினீங்க? இப்ப அப்பிடியே திறங்க. ஒண்டையும் தொடாதீங்க. எனக்குக் காட்டுங்க."

3

திரை வெளிச்சமானது.

பரீனா மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். முதல் செல், இரண்டாவது செல்... ஒவ்வொன்றின் இடது பக்கத்திலும் அடைப்புக்குள் ஒரு எண் இருந்தது.

"இந்த நம்பர் என்ன டீச்சர்?"

"ஒரு செல் ஓடினா ஒரு நம்பர் விழும் சேர். ஓட ஓடக் கூடிக்கொண்டே போகும். இருபத்தெட்டு நாளா நான் இத முழுசா நிப்பாட்டல்ல. படுக்கப் போட்டு எழுப்புறதுதான். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. நேத்து முந்நூத்தி முப்பத்தாறில முடிஞ்சிருக்கும்."

"அப்ப இண்டைக்கு?"

"337-ல தொடங்கும். இந்தா, 337... 338... 339..."

அவள் விரல் இறங்கிக்கொண்டே போனது.

"...345... 346... 347..."

விரல் நின்றது.

கடைசிச் செல். முடிவு சொல்லும் செல். அதன் கீழே பெரிய எழுத்தில் 'போகலாம்'.

பக்கத்தில் இருந்த எண்...

336!



"சேர்... இது நேத்தைய நம்பர்..."

"எண்டா?"

"கடைசிச் செல் இண்டைக்கு ஓடவே இல்ல! மத்தப் பதினொண்டும் ஓடியிருக்கு. இது மட்டும் ஓடல்ல. நான் பார்த்தது நேத்தைய விடை! நேத்தைய 'போகலாம்'! அதத்தான் நான் அடிச்சு ஒட்டியிருக்கன்...!"

"மெஷின் பிழையா?"

அவள் செல்லின் ஓரத்தில் அழுத்தினாள். ஒரு சின்னப் பட்டியல் விரிந்தது. அதில் 'இயங்கட்டும்' என்ற வரிக்கு முன்னால் இருக்க வேண்டிய சரி அடையாளம் இல்லை.

"இல்ல சேர். யாரோ இத முடக்கி இருக்காங்க."

"அழிச்சுட்டாங்களா?"

"அழிக்கல்ல. அழிச்சா எனக்குத் தெரிஞ்சிடும். முடக்கினா செல் அப்பிடியே இருக்கும். எழுதினதும் இருக்கும். பழைய விடையும் கீழ இருக்கும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்ல. பட்டனை அமத்தினா மத்த எல்லாம் ஓடும். இது மட்டும் செத்த பொணம் மாதிரிக் கிடக்கும்!"

இன்ஸ்பெக்டர் விசிலடித்தார்.

இருபது வருஷ சேவையில் கத்தி பார்த்திருந்தார். துவக்கு பார்த்திருந்தார். பொலிடோல் விஷப் போத்தல் பார்த்திருந்தார். ஒரு சின்னச் சரி அடையாளத்தை எடுத்துவிட்டு ஒரு மனிதனைக் கொல்வதை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"சரி டீச்சர். இப்ப முக்கியமான கேள்வி. இந்த அலுமாரித் திறப்பு யாரிட்ட இருக்கு?"

"என்னிட்ட."

"வேற?"

பரீனா அலுமாரிக் கதவைச் சாத்தினாள்.

"லப்டொப் பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு..."

"வேற?"

கூரையில் தகரம் படபடவென்று அடித்தது. பரீனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற யாருக்கும் தெரியாது சேர்," என்றாள்.

வாழ்க்கையில் அவள் பொலீசுக்குச் சொன்ன முதல் பொய் அது. ரொம்ப மோசமாகச் சொன்னாள்.

ரஸாக் எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார்.

"டீச்சர், செத்தவர்ட மனுசி ஒரு விசயம் சொன்னாங்க. நாளைக்குச் சனிக்கிழமை நேவி காம்புக்குப் போகோணும், ஒரு விசயம் சொல்லோணும் எண்டு யோசேப்பு சொல்லிக்கொண்டிருந்தாராம். என்ன விசயமெண்டு மனுசிக்கும் சொல்லல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

இது உண்மை.

"என்ட நம்பர் இந்தா. உங்களுக்கு யாரையாவது ஞாபகம் வந்தா எடுங்க."

4

ஞாபகம் வராமலா?

அவளுக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது. அதுதான் கஷ்டம்.

போன வருஷ நோன்பு காலம். நோன்பு திறந்துவிட்டு இருவரும் இந்த லப்டொப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பாயிஸ் ஒரு செல்லை அழிக்கப் போனான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். 'அழிக்க வேணாம் மச்சான். முடக்கினாப் போதும். பிறகு வேணுமெண்டா எழுப்பிக்கலாம்' என்று சொல்லிக்கொடுத்தாள். கெட்டிக்கார மாணவன். ஒரு தடவைதான் சொல்ல வேண்டியிருந்தது.

வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் யாரிடம் போய்ச் சொல்லும்?

ஜும்ஆ முடிந்து பாயிஸ் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"சாப்பிட்டியா புள்ள?"

"இல்ல."

"பள்ளிவாசல்ல எல்லாரும் உன்னப் பத்தித்தான் கதை. நான் சொன்னன், மனுசர்தானே, கணக்கு பிழைக்காதா எண்டு. ஒரு மாசம் கதைப்பாங்க. பிறகு மறந்துடுவாங்க. நீ யோசிக்காத."

"கணக்கு பிழைக்கல்ல. இன்ஸ்பெக்டர் கண்டுபிடிச்சிட்டாரு. யாரோ ஒரு செல்ல முடக்கி இருக்காங்களாம்."

பாயிஸ் தண்ணீர்க் கோப்பையை எடுத்தான். அவன் கை ஆடவேயில்லை.

"நீயே தவறுதலா அமத்தி இருப்பாய். கடைசிச் செல்லுதானே, பட்டனுக்குக் கிட்ட இருக்கு. கை பட்டிருக்கும்."

பரீனா தலையை நிமிர்த்தினாள்.

"பன்னிரண்டு செல் இருக்கு," என்றாள். "கடைசிச் செல் எண்டு நான் சொல்லவேயில்லையே...!"

கோப்பை பாதி வழியில் நின்றது.

வெளியே காற்று. உள்ளே இரண்டு பேர். ஏழு வருஷக் கலியாணம்.

பாயிஸ் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ரஸாக்கிட்ட என்ட பேரச் சொன்னியா?"

"சொல்லல்ல."

"நல்ல புள்ள."

"ஏன்? யோசேப்பு உங்களுக்கு என்ன செஞ்சாரு? இந்த வூட்டுக்கு மீன் கொண்டு வந்து தந்துட்டுக் காசு வாங்காமப் போற மனுசன்!"

"அவன் பார்க்கக் கூடாத ஒண்டப் பார்த்துட்டான். கரையில மீன் வாடிக் கொட்டில்ல கிடுகுக்குக் கீழ ரெண்டு எஞ்சின் இருந்திச்சு. பெரிய எஞ்சின். தடை செஞ்ச குதிரைவலு. வடக்குப் பக்கம் சண்டைக்குக் களவாப் போறது. பிடிபட்டா என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியும். இந்தச் சண்டை நேரத்தில உள்ளுக்குப் போனா வெளிச்சம் காணேலாது."

"அவர் உங்களக் காட்டிக்குடுக்கப் போனாரா?"

"இல்லடி. அந்த மடையன் கூட்டாளி, சிநேகிதன்ண்டு வந்து எனக்கே சொன்னான். 'நீயாப் போய் நேவிக்குச் சொல்லிடு பாயிஸ், சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பன், இல்லாட்டி நான் சொல்லுவன்'ண்டான். எனக்குத் தவணை குடுத்தான்!"

"அதனால கொன்னுட்டீங்க."

"நான் கொல்லல்ல! நான் அவன்ட உடம்பில ஒரு விரல் வெக்கல்ல. கடல் கொன்னிச்சு. நேத்துப் பின்னேரம் நீ பள்ளிக்கூடத்தில இருந்த நேரம் அமுக்கம் சரசரண்டு இறங்கினதப் பார்த்தன். வெள்ளிக்கிழமை. அவன் மட்டும்தான் போவான். ஒரு சின்ன அடையாளம்... அத எடுத்தன். அவ்வளவுதான்!"

பரீனா எழுந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் யாரோ உப்பை அள்ளிப் போட்ட மாதிரி எரிந்தது.

"அவ்வளவுதானா? கடதாசியில யார்ர கையெழுத்து இருக்கு? என்ட கையெழுத்து! என்ட கையால திகதி போட்டு, என்ட கையால ஒட்டி, அவர அனுப்பி வெச்சது நான்! எனக்குத் தெரியாம என்னயக் கொண்டே கொல்ல வெச்சிருக்கீங்க. அனஸ்தாசியா மண்ண அள்ளி எறியும்போது பக்கத்தில நிண்டு தோளத் தடவினீங்களே... அந்தக் கைய எப்பிடி வெச்சீங்க?"

"உன்ன ஒண்டும் செய்யமாட்டாங்க. படிச்ச புள்ள, டீச்சர். கவனயீனம்ண்டு விட்டுடுவாங்க. எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சன்."

"எனக்காகவும் யோசிச்சீங்களா! எவ்வளவு பெரிய மனசு!"

பாயிஸ் அறைக்குள் போனான். ஒரு பையோடு வந்தான்.

"நான் போறன். இண்டைக்கு ராவைக்குக் கடல்ல இறங்கேலாது. ராவில வள்ளத்தக் கண்டா நேவி கேக்காமச் சுடுவான். விடிய ஆறு மணிக்கு மத்த வள்ளங்களோட இறங்கினா யாரும் பார்க்கமாட்டாங்க. நீ வாயத் திறந்தா ஒண்ட மட்டும் யோசி. முடக்கினது நான்தாண்டு எங்கயும் எழுதி இல்ல. பாஸ்வேர்ட் உன்ட. திறப்பு உன்ட. கையெழுத்து உன்ட!"

கதவு அடித்து மூடியது.

பரீனா நிறைய நேரம் நிற்கவில்லை. மேசையில் இருந்த தொலைபேசியை எடுத்தாள்.

"சேர்... எனக்கு ஒரு ஆள ஞாபகம் வந்திருக்கு..."

5

சனிக்கிழமை. காலை ஐந்தே முக்கால்.

சங்கத்துக் காரியாலயத்தில் பரீனாவும் இன்ஸ்பெக்டர் ரஸாக்கும் மட்டும் இருந்தார்கள். கடல் நேற்று ஒன்றுமே நடக்காத மாதிரி மரியாதையாகக் கிடந்தது. வானம் கழுவி விட்ட பீங்கான் மாதிரி இருந்தது.

"இந்தப் பக்கம் எத்தாளை வரைக்கும் எத்தன வாடி இருக்குத் தெரியுமா டீச்சர்? இருநூறு! என்ட ஆக்கள் ராப்பகலாத் தேடுறாங்க. இன்னும் ஒரு மணித்தியாலம் கிடைச்சா ஆளப் பிடிச்சிடுவன். அதுக்குள்ள அவன் கடல்ல இறங்கக் கூடாது."

"விளங்குது சேர்."

"அதனால நீங்க ஒரு உதவி செய்யோணும். அவன் உங்கட புரோகிராம நம்புற ஆள். அந்த விளையாட்ட நீங்களும் விளையாடுங்க. அந்த முடக்குற வேலையோ என்னவோ, செஞ்சு 'போகாதே'ண்டு ஒரு கடதாசி ஒட்டுங்க. பயந்து கரையில நிக்கட்டும்."

பரீனா லப்டொப்பைத் திறந்தாள். எதையோ அழுத்தினாள். அச்சுப்பொறி முனகியது. வந்த கடதாசியில் திகதி போட்டாள். கையெழுத்து வைத்தாள். பலகையில் ஒட்டிவிட்டு வந்தாள்.

'போகாதே.'

வள்ளங்களைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் கடதாசியைப் பார்த்தார்கள். கடலைப் பார்த்தார்கள். நேற்றைய கடதாசி ஒருவனைக் கொன்றது. இன்றைய கடதாசியை நம்புவதா? ஒருவர் காறித் துப்பினார். ஆனாலும் யாரும் இறங்கவில்லை. போகலாம் என்றால் யோசிக்கலாம், போகாதே என்றால் வீட்டில் படுக்கலாம்!

சரியாக ஆறு மணி.

டிரிங்... டிரிங்...!

மேசையில் இருந்த தொலைபேசி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பரீனா ரிசீவரை எடுத்தாள். இன்ஸ்பெக்டர் காதை அருகில் கொண்டுவந்தார்.

"ஹலோ..."

"நான்தான் புள்ள."

பின்னால் எஞ்சின் உறுமியது. பெரிய எஞ்சின்.

ஏழு வருஷப் பழக்கம் லேசில் விடுமா? கொலை செய்தவன், வீட்டை விட்டு ஓடியவன், போகும்போது மிரட்டிவிட்டுப் போனவன்... கடலில் இறங்குமுன் பெண்டாட்டியிடம்தான் கேட்டான்.

"இண்டைக்குக் கடதாசியில என்ன?"

இன்ஸ்பெக்டர் வாயசைத்தார். 'போகாதே... போகாதே...'

பரீனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"போகாதீங்க."

"என்னது?"

"போகாதே எண்டுதான் வந்திருக்கு. பன்னிரண்டு செல்லும் ஓடியிருக்கு. நேத்தைய காத்து போகல்ல, திரும்பி வருது. அல்லாஹ்வுக்காகச் சொல்றன், இறங்காதீங்க."

ஒரு நொடி எஞ்சின் சத்தம் மட்டும். பிறகு சிரிப்பு.

"ரஸாக் பக்கத்தில நிக்கிறானா?"

பரீனா இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"என்ட வித்தைய எனக்கே காட்டுறியா? எந்தச் செல்ல முடக்கின? கடைசியா, அதுக்கு முன்னுக்கா? குளம் மாதிரி கிடக்கிற கடலக் காட்டிப் பயமுறுத்திறியே! நீ நல்ல டீச்சர்தான் பரீனா. பொய் சொல்லத்தான் தெரியாது!"

டக்.

எஞ்சின் சத்தம் ஜன்னல் வழியாகவே கேட்டது. தெற்குப் பக்கத்து வாடி ஒன்றுக்குப் பின்னாலிருந்து ஒரு நீலப் படகு கிளம்பி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது.

ரஸாக் மேசையில் குத்தினார்.

"ச்சே! நழுவிட்டான்! நீங்க நல்லாத்தான் பொய் சொன்னீங்க டீச்சர். என்ன செய்ய, அவன் நம்பல்ல."

பரீனா ரிசீவரை மெதுவாக வைத்தாள்.

"பொய்யா? என்ன பொய் சேர்?"

"போகாதே எண்டு..."

அவள் லப்டொப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

348... 349... 350... விரல் இறங்கியது. 357... 358...

கடைசிச் செல்லுக்குப் பக்கத்தில் 359.

"கடைசிச் செல்லுக்குச் சரி அடையாளத்தத் திருப்பிப் போட்டு, எல்லாச் செல்லையும் ஓட விட்டன் சேர். நீங்க சொன்ன மாதிரி முடக்க வேண்டிய தேவை இருக்கல்ல. விடை தானாவே அப்பிடித்தான் வந்திச்சு. நான் சொன்னது முழுக்க உண்மை."

இன்ஸ்பெக்டரின் வாய் திறந்தது. மூட மறந்துபோனார்.

"அப்ப... அவன் இப்ப..."

"நேவிக்கு எடுங்க சேர்!" பரீனா கத்தினாள். "கெதியா எடுங்க! அவர் செத்தா என்ட கணக்கில இன்னொரு மவுத்து!"

தூரத்தில் மேற்கு அடிவானம் கறுத்துக்கொண்டு வந்தது.

6

பதினொரு மணி. மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

கடற்படைப் படகு கரைக்கு வந்தது. அதன் பின்னால் கயிற்றில் கவிழ்ந்த நீலப் படகு. அந்தப் படகோடு இறுக்கிக் கட்டப்பட்ட இரண்டு பெரிய எஞ்சின்கள். வேறு சாட்சி எதற்கு?

இரண்டு சிப்பாய்கள் பாயிஸைத் தூக்கி மணலில் உட்கார வைத்தார்கள். கவிழ்ந்த படகின் அடியைப் பிடித்தபடி மூன்று மணித்தியாலம் கிடந்திருக்கிறான். நகங்கள் பிய்ந்திருந்தன. உப்புத் தண்ணீரைக் கக்கினான். குளிரில் பல் கிட்டியது.

கூட்டம் விலகியது. பரீனா வந்து நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் கறுப்புச் சேலையில் அனஸ்தாசியா. இன்ஸ்பெக்டர் விடியவே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவள் பரீனாவின் கையைப் பிடித்திருந்தாள்.

பாயிஸ் தலையைத் தூக்கினான். மனைவியைப் பார்த்தான்.

"அந்தக் கடதாசி..." இருமினான். "அந்தக் கடதாசி... உண்மையா?"

"ஓம்."

"நீ... செல்ல முடக்கல்லையா?"

"இல்ல. நீங்க சாகக் கூடாதெண்டுதான் உண்மையச் சொன்னன். ஏழு வருசத்தில உங்களுக்கு நான் ஒரு பொய் சொன்னதில்ல. நேத்துக்கூடப் பொலீசுக்குத்தான் சொன்னன். உங்களுக்காகத்தான் சொன்னன்."

அவளுக்கு இப்போதுதான் அழுகை வந்தது. மழையில் யாருக்கும் தெரியவில்லை.

"ஒருத்தர ஏமாத்தினவருக்கு, உண்மையக் காதில ஊத்தினாலும் ஏறாது. நீங்க என்ன நம்பியிருந்தா கரையில நிண்டிருப்பீங்க. இவ்வளவு தண்ணி குடிச்சிருக்கத் தேவையில்ல."

பாயிஸ் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அனஸ்தாசியா பரீனாவை மெல்ல இழுத்தாள்.

"வா டீச்சர், போவம். சவத்தப் பெட்டியில வெக்கிற நேரமாச்சு. நீயும் கிட்ட நிக்கோணும்."

இரண்டு பெண்களும் மழைக்குள் நடந்துபோனார்கள். பரீனா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தாங்காது என்று அவளுக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் ரஸாக் குனிந்தார். தொப்பை வழிவிட மறுத்தது. ஒருவழியாக விலங்கை மாட்டிவிட்டு, பாயிஸின் முதுகில் தட்டினார்.

"எழும்புங்க செயலாளர். எங்கட லொக்கப்புக்கு வாங்க. அங்க காத்து வீசினதா சரித்திரமே இல்ல. போகலாமா, போகாதேயா எண்டு யாரையும் கேக்கவும் தேவையில்ல!"